டம்ளர் வட்டம்

“டம்ளரை மேப் மேல வெச்சிராதீங்க மாப்ள,” என்றார் அப்பா.

அவள் கணவன் டீயைக் கையில் ஏந்தியபடி நின்றான். காலடியில் தண்ணீர். சமையலறைத் தரையின் நடுவிலிருந்து மூன்று மாதமாக ஊறுகிறது. இரண்டு பிளம்பர்கள், ஒரு கொத்தனார், நான்கு மூட்டை சிமென்ட், எல்லோரையும் பார்த்துவிட்டது.

அவள் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்தாள்.

சுவரும் விரிசல் விட்டதும், வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்ஜினீயர். பெரிய பூட்டாக ஒன்று வாங்கியாயிற்று.

இந்த மனை, அப்பா மேப் பார்த்து வாங்கி அவளுக்குக் கொடுத்தது. நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் படம் வரைந்தவர். மாப்பிள்ளையை விசாரித்ததைவிட மனையைத்தான் அதிகம் விசாரித்தார்.

மேசையில், அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில், இரண்டு வரைபடங்கள். நூறு வருடப் பழசு ஒன்று; அதைப் பார்த்து அலுவலகம் பிற்பாடு எடுத்த நகல் இன்னொன்று. நகல் சுருண்டுகொள்ளாமலிருக்க, அதன் மூலையை அப்பா கட்டைவிரலால் அழுத்தியிருந்தார்.

பழையதில் ஏழு குளங்கள். ஒன்றின் மேல் இப்போது பஸ் ஸ்டாண்டு, ஒன்றின் மேல் பள்ளிக்கூடம், ஒன்றின் மேல் தண்ணீர் சேமிப்புப் பிரச்சார அலுவலகம். ஊற்றுகளுக்கு வட்டம், நீல மை வெளிறிப் பழுப்பாகியிருந்தது.

அப்பாவின் லென்ஸ் பழைய படத்தில் ஆற்றுப் பாலத்திலிருந்து நகர்ந்து வந்து, இந்தச் சமையலறை இருக்கும் இடத்தில் நின்றது.

டம்ளர் அடி அகலத்துக்கு ஒரு வட்டம்.

நகலில் அந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி வெள்ளை.

அலுவலகத்தில் படத்தின் மேலேயே டம்ளரை வைத்துத்தான் டீ குடிப்பார்கள், நகலெடுக்கும்போது அந்தக் கறைகளை விட்டுவிடுவது வழக்கம், இதையும் கறையென்று எவனோ விட்டிருக்கிறான் என்று அப்பா ஈரத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“எந்த மகராசன்னு தெரிஞ்சா ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் மாமா. மூலையில கையெழுத்துப் போட்டிருப்பானே?”

அழிந்துபோயிருக்கிறது என்றார் அப்பா. விரலை எடுக்கவில்லை. நகம் வெளுத்திருந்தது.

துணியோடு எழுந்தவள் பார்த்தாள். விரலுக்கு வெளியே ஓர் எழுத்தின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

பத்து வருடம் அவளுடைய ரேங்க் கார்டில் விழுந்த அதே வால்.

கணவன் குனிவதற்குள், புதுப் பூட்டை எடுத்து அந்த வாலின் மேல் வைத்து, விரலை நோக்கித் தள்ளினாள்.

“இப்ப கையை எடுங்கப்பா.”