விளிம்பு வரை வந்த பால்

அனுசுயா மறுபடியும் வாடகை வீடு மாறினாள். உள்ளே வந்ததும் பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.

"இங்கயாவது நிலைக்கணும். நல்லாப் பொங்கிடுப்பா, என் சக்கரமெல்லாம் தேய்ஞ்சு போச்சு," என்று கெஞ்சியது சூட்கேஸ்.

"என் கையிலயா இருக்கு? பாக்கெட் பால்ல பாதி தண்ணி," என்றது பாத்திரம்.

ஆனாலும் பால் நுரைத்து விளிம்புக்கு ஏறியது.

வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா, "அடுப்புல வழியவிட்டுடாதேம்மா, கறை போகாது," என்றார். அனுசுயா பதறி அடுப்பை அணைத்தாள். பால் இறங்கிவிட்டது.

"அப்ப நாம குடிவந்துட்டோமா, இல்லையா?" என்று கேட்டது சூட்கேஸ்.

"அதான் எனக்கும் புரியல," என்றது பாத்திரம்.

அனுசுயா பாலை ஆற்றிக் குடித்தாள். சூட்கேஸைத் திறந்து, ஆபீசுக்குப் போட ஒரு சுடிதாரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.