சிலேட்டில் மூன்று எழுத்துகள்

தொண்டை ஆபரேஷனில் பேச்சிழந்த சிதம்பரநாதன், தினமும் பார்க்க வரும் இன்னாசியிடம் மூன்று ஆங்கில எழுத்துகளைச் சிலேட்டில் எழுதி நீட்டுவார். அவை மூன்றும் வருகிற ஆக நீளமான சொல்லை யார் கண்டுபிடிப்பது என்பது தந்தி ஆபீஸ் நாட்களிலிருந்தே இருவருக்கும் போட்டி. இன்னாசி கட்டிலுக்கு அடியில் மறைத்துச் செல்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, யோசிப்பவர்போல் நெற்றியைத் தடவி, தினமும் ஜெயித்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சிதம்பரநாதனின் மனைவி சிலேட்டைக் கொண்டுவந்தாள். “ஒருநாளாவது உங்கள ஜெயிக்கணும்னு கடைசிவரைக்கும் டிக்ஷனரியும் கையுமாவே கெடந்தாருண்ணே. இது நாளைக்குன்னு எழுதி வச்சது.”

இன்னாசியின் கை அவரை அறியாமல் சட்டைப்பைக்குப் போய், செல்போன் மேலேயே நின்றது.

“சொல்லுங்கண்ணே,” என்று அவள் காத்திருந்தாள். “உங்களுக்குத்தான் உடனே வந்துருமே.”