ஆர்லோவின் கோணல் தையல்

“ஆர்லோ, இந்தத் தையல் நேரா இருக்குன்னு மனசைத் தொட்டுச் சொல்லுங்க, பார்ப்போம்.”

ஆர்லோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு துணியைப் பார்த்தார். அறுபத்தெட்டு வயது. கதவை அடைக்கிற உடம்பு.

“லேசா வளைஞ்சிருக்கு.”

“லேசாவா? குடிகாரன் சைக்கிள் ஓட்டின தடம் மாதிரி இருக்கு!”

மேஜையைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். வில்மா சிரிக்கவில்லை.

நெப்ராஸ்காவில் அந்தச் சின்ன ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமைதோறும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கச் சொல்லிக்கொடுப்பவள் அவள். பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். இப்படியொரு ஆள் வாய்த்ததில்லை.

ஒன்பது சின்னத் துண்டுகள். ஓரத்தில் கால் இஞ்ச் விட்டு ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தால் ஒரு சதுரம். அவ்வளவுதான் முதல் பாடம். மற்றவர்கள் அதை ஒரே நாளில் முடித்தார்கள். ட்ரூடி ஒரு முழுப் போர்வையே தைத்து மகள் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டாள். ஆர்லோவுக்கு மட்டும் ஒன்பதாவது வாரமும் அதே முதல் பாடம்.

“கொடுங்க. பிரிச்சுத் தர்றேன். மறுபடி தைங்க.”

“வேண்டாம் வில்மா. இது இப்படியே இருக்கட்டும்.”

அதை ஏதோ பட்டுத்துணி மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாராவாரம் இதே கூத்துதான். பிரிக்கவும் விடமாட்டார், திருத்தவும் மாட்டார்.

“அவர் தைக்கவா வர்றார்?” என்றாள் ட்ரூடி. “என்னோட ஆப்பிள் கேக்குக்காக வர்றார்.”

“அதுவும் உண்மைதான்,” என்று ஆர்லோ இரண்டாவது கேக் துண்டை எடுத்துக்கொண்டார்.

அடுத்த சதுரத்தை ஆரம்பித்தவர், துணியில் குத்தியிருந்த குண்டூசியை எடுக்காமலேயே மெஷினை ஓட்டினார். டக்கென்று ஊசி முறிந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது ஊசி.

வில்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஆனாலும் வகுப்பு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு அவரை நிறுத்தினாள்.

“ஆர்லோ, தப்பா நினைச்சுக்காதீங்க. அடுத்த வாரத்துல இருந்து நீங்க வர வேண்டாம்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஏன்?”

“ஏனா? முப்பது மைல் பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வர்றீங்க. வந்து துணியைப் பாழாக்குறீங்க. சொன்னாக் கேக்குறதில்லை. இடம் கிடைக்காம நாலு பேர் காத்திருக்காங்க. இந்த எட்டு வாரமாக் கொண்டு போனதையெல்லாம் என்னதான் பண்ணினீங்க?”

ஆர்லோ தயங்கினார். பிறகு பையின் அடியிலிருந்து எட்டுச் சதுரங்களை எடுத்து மேஜையில் பரப்பினார்.

வில்மா குனிந்து பார்த்தாள். அவள் வகுப்பில் கோணல்மாணலாகப் போன அதே துணிகள்தான். ஆனால் மூலைக்கு மூலை அப்படியே பொருந்தியிருந்தன. ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

“யார் தச்சது இது?”

“என் மனைவி. கோர்டீலியா.”

“இப்படித் தைக்கிறவங்களை வீட்டுல வெச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து உயிரை வாங்குறீங்களா? அவங்ககிட்டயே கத்துக்க வேண்டியதுதானே!”

ஆர்லோ நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“போன ஜூன்ல எங்க பையன் போயிட்டான். வயல்ல டிராக்டர் கவிழ்ந்து. ஒரே பையன்.”

வில்மா அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு வாயை மூடினவதான் கோர்டீலியா. ஒரு வார்த்தை பேசலை. காலைல ஜன்னல்கிட்ட உட்கார்ந்தா ராத்திரி வரைக்கும் அங்கேயேதான். சூப்பு வெச்சா அப்படியே ஆறிக் கிடக்கும். டாக்டர்கிட்டக் காட்டினேன். பாதிரியார் வந்து பார்த்தார். ஒண்ணும் ஆகலை.”

“ஐயோ, ஆர்லோ...”

“வீட்டுல தையல் சத்தமே இல்லாம எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்துச்சு. அதான் இங்க சேர்ந்தேன். முதல் வாரம் நிஜமாவே தெரியாமத்தான் கோணலாத் தச்சேன். அதை அவ மடிமேல வெச்சேன். பார்த்தா. பார்த்துக்கிட்டே இருந்தா. பொறுக்கலை போல. எழுந்து போய், மெஷின் மேல இருந்த உறையை எடுத்துட்டு, எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி தச்சா. அன்னைக்குத்தான் ஒரு கிண்ணம் சூப்பு முழுசாக் குடிச்சா.”

“அப்புறம்?”

“அடுத்த வாரம் ஒரு சதுரம் ஒழுங்காத் தச்சேன். ஞாபகமில்லையா, நீங்ககூடப் பாராட்டினீங்களே? வீட்டுக்குக் கொண்டு போனேன். ஒரு ஓரம் லேசாப் பிசகியிருந்துச்சு. அதை மட்டும் சரி பண்ணிட்டு ஜன்னல்கிட்டப் போயிட்டா. கால் மணி நேரம்கூட ஆகலை. அதுக்கப்புறம் நேராத் தைக்க எனக்கு மனசு வரலை.”

வில்மா முறிந்த ஊசியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நேத்து பேசினா, வில்மா,” என்றார் ஆர்லோ. “எட்டு மாசத்துல முதல் தடவை. துணியைத் தூக்கி என் முகத்துக்கு நேரா ஆட்டிக்கிட்டு, ‘எந்த மடச்சி உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறா?’ன்னு கத்தினா.”

வில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெஷினில் புது ஊசி மாட்டினாள். தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“துணியை எடுங்க, ஆர்லோ. அவங்க என்னை ஒரு மணி நேரமாவது விடாமத் திட்டுற மாதிரி ஒண்ணு தைப்போம்.”