கழுத்தில் மூடாத மடிப்பு

அந்தோணி மிக்கேல் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவர் கழுத்தின் இடப்பக்கம், பிறவிக் கட்டி ஒன்றை அறுத்தெடுத்த தழும்பு உண்டு. மூன்று வயது மகளுக்கும் அதே இடத்தில் கட்டி வந்தபோது, தன் பாவம்தான் பிள்ளையைப் பிடித்தது என்று நினைத்தார். மனைவி பிலோமி மறுபடி கருவுற்றதிலிருந்து அந்தோணி சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

ஆறாவது வாரம் டாக்டர் யாஸ்மின், பிலோமியின் வயிற்றில், உள்ளே இருப்பதைப் படம்பிடித்துச் சுவரில் காட்டும் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டினார். பட்டாணி அளவுக் கரு, சுவரில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. கழுத்தில் வரிவரியாக மடிப்புகள் இருந்தன.

"என்ன டாக்டர், மீன் செவுளு மாதிரி இருக்கு?" என்று கேட்டார் அந்தோணி.

"நாம எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். மேல் மடிப்பு வளந்து இறங்கி மத்ததை மூடிரும். உங்க குடும்பத்துல ஒரு ஓரம் மூடாம நின்னுருது. அதுதான் பின்னால கட்டியாகுது. யாரும் செஞ்ச தப்பில்ல."

அடுத்த பத்து நாளும் கணவனும் மனைவியும் வந்து பார்த்தார்கள். மடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வலப்பக்கம் முழுதாக மூடியது. இடப்பக்கம் ஊசிமுனை அளவு இடைவெளி மூடாமல் நின்றுவிட்டது.

"பிறந்தப்புறம் எடுத்துரலாம், பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

பிலோமி கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"இத்தனூண்டுதான் பிலோமி விட்டுப்போச்சு. மத்த எல்லாத்தையும் யாரும் சொல்லிக்குடுக்காம அதுவே மூடிருக்கு, பாரு."