எண்ணெய்க் கறைப் பக்கம்

“ஆலிவ் எண்ணெய்க் கறையைத் துணியிலிருந்து போக்குவது எப்படி? என்ன மகளே இது? ஜனங்க கஷ்டத்தைத் தீர்க்கப்போறோம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, இங்க சலவைக்கடையா நடத்துறோம்?”

இயக்குநர் ஹம்மாதி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் கோபப்பட்டு அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

ரவ்தா நாற்காலியில் சாய்ந்தாள். காலையிலிருந்து இதே வேலை. ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் யாருக்கு என்ன உதவி எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டும் இணையதளம் அது. தகவல்களை வகை பிரித்து, தேடுகிறவர் கைக்கு எட்டும்படி அடுக்குவது அவள் பொறுப்பு. உதவித்தொகைக்கு ஒரு வாசல், பிள்ளையின் மருந்துக்கு ஒரு வாசல், பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு வாசல் என்று செருப்புத் தேய அலைந்த விதவைகள், இப்போது ஒரே இடத்தில் கேட்டு முடித்துக்கொள்கிறார்கள். அதற்கே மூன்று வருடம் ஆகிவிட்டது. முதுகுவலிதான் மிச்சம்.

அடுத்த வாரம் தளம் புது வடிவத்தில் வருகிறது. வேண்டாத பக்கங்களை இயக்குநர் களையெடுத்துக்கொண்டிருந்தார். இதுவரை போனவற்றுக்கெல்லாம் ரவ்தா வாயே திறக்கவில்லை. இந்த ஒன்று மட்டும் போகக் கூடாது. ஏன் என்று அவரிடம் சொல்லவும் முடியாது. அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்.

“அது இருக்கட்டும் சார்.”

“எதுக்கு? குடும்பம்ங்கிற தலைப்புக்குக் கீழ பென்ஷன் இருக்கு, தடுப்பூசி இருக்கு, மானிய ரொட்டி இருக்கு. நடுவுல கறை! பொருந்துதா, நீயே சொல்லு.”

“நானா வைக்கல சார். பொம்பளைங்க கையில அட்டைகளைக் கொடுத்து, எது எதோட சேரும்னு அடுக்கச் சொன்னோம்ல? அவங்கதான் அதை அங்க வெச்சாங்க.”

“உன் அட்டை விளையாட்டா! ஆம்பளை எவனாவது இந்தப் பக்கத்தைத் திறப்பானா? பாதி ஊருக்கு உபயோகமே இல்ல.” தட்டிலிருந்த மக்ரூத் இனிப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு, தட்டை அவள் பக்கம் தள்ளினார். “சாப்பிடு மகளே. முகம் வாடிக் கிடக்கு.”

மரியாதைக்கு ஒன்றை எடுத்தாள். வாயில் போடத் தோன்றவில்லை. சண்டைக்காரனோடு மல்லுக்கட்டிவிடலாம், நல்ல மனிதரோடு வாதாடுவதுதான் பெரிய அலுப்பு.

“இன்னொரு கூத்தைப் பாரு” என்றார் ஹம்மாதி. “மத்த பக்கத்துல எல்லாம் ஜனங்க ரெண்டு நிமிஷம்கூட நிக்கிறதில்ல. இதுல மட்டும் அரை மணி நேரம்! கறையைப் பத்திப் படிக்க அரை மணி நேரமா? எண்ணுறதுல ஏதோ கோளாறு.”

“பிடிவாதமான கறை போல சார்.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “நல்லாப் பேசுற. ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல? எது எங்க இருக்கணுமோ அது அங்க இருக்கணும். என் வீட்டுல ஒரு கரண்டி இடம் மாறினாலும் எனக்குத் தெரிஞ்சிடும். வீடா இருந்தா என்ன, இணையதளமா இருந்தா என்ன? எடுத்துடு.”

“ஆலிவ் பறிக்கிற காலம் சார். ஊர்ல பாதிப் பேர் சட்டையில எண்ணெய்தான். சீசன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறம்ங்கிற பேச்சே வேண்டாம்.”

“சார், இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் எதுவுமே கேட்டதில்ல. சம்பளத்தைக் கூட்டுங்கன்னுகூடக் கேட்டதில்ல. இது ஒண்ணை மட்டும் விட்டுடுங்க.”

அவளுக்கே வெட்கமாக இருந்தது. சலவைக் குறிப்புக்காகக் கெஞ்சுகிற பைத்தியம் என்று நினைப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஹம்மாதி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அப்படி என்னதான் இருக்கு அதுல? திற, நானும் பாக்குறேன்.”

ரவ்தா வேறு வழியில்லாமல் திறந்தாள். ஒரு வெள்ளைச் சட்டை, பக்கத்தில் பச்சை நிறச் சோப்புக் கட்டி, கீழே நாலு வரி. அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தவர், படக்கென்று மேஜையைத் தட்டினார்.

“அட, இதுவா! இது நம்ம தளத்துலயா இருக்கு? எங்க வீட்டுல தினமும் ஓடுற பக்கமாச்சே!”

“உங்க வீட்டுலயா சார்?”

“ஆமா. என் பொண்டாட்டி வஸீலாவுக்கு இதை விட்டா வேற உலகமே கிடையாது. நான் எப்பக் கதவைத் திறந்துட்டு உள்ள போனாலும், அவ கையில போன், போன்ல இந்தச் சோப்பு. என்னடி பாக்குறன்னு கேட்டா, கறை போக்குறது எப்படின்னு பாக்குறேங்கிறா. எங்க வீட்டுத் துணியில ஒரு கறையையும் நான் பாத்ததில்ல. ஆனா இவ படிச்சு முடிச்ச பாடில்ல!” சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. “சரி, இருந்துட்டுப் போகட்டும். இதை எடுத்தா அப்புறம் வீட்டுல எனக்குச் சாப்பாடு கிடைக்காது.”

அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் ரவ்தா, கையிலிருந்த மக்ரூத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

அந்தச் சோப்பை விரலால் சற்று அழுத்திப் பிடித்தால், கணவனிடம் அடிபடும் பெண்களுக்கு அடைக்கலம் கொடுப்பவர்களோடு பேசலாம். அவன் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் ஒரு தட்டுத் தட்டினால், திரையில் மறுபடியும் எண்ணெய்க் கறை மட்டுமே தெரியும்படி அதை அமைத்தவளே ரவ்தாதான்.