ஒரே ஒரு தூண்டில்

"ஊட்டிக்குப் போயும் மீன் புடிக்கத்தான் போறியாமே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் குஞ்சம்மா.

"ஆமாக்கா," என்றான் அன்பழகன். சொல்லும்போதே கை மீசைக்குப் போனது.

மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. வலையைச் சரிபார்த்து, படகுக்குப் பெயின்ட் அடித்து முடித்தவர்களுக்குப் பொழுது போகவில்லை. அவர்கள் வாய்க்கு அவலாக வந்து மாட்டியவன்தான் அன்பழகன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் குடும்பத்தோடு ஒரு பயணம் போகிறான். அவன், மனைவி அல்லி, கல்லூரியில் படிக்கும் மகள் கீர்த்திகா. போகிற இடத்தில் மலை ஓடையில் ட்ரவுட் என்று ஒரு மீன் இருக்கிறதாம். ஐஸ் மாதிரி தண்ணீரில்தான் உயிர் வாழுமாம். கொண்டுவந்து விட்டவன் வெள்ளைக்காரனாம். நம்ம ஊர்ப் பிரெஞ்சுக்காரன் இல்லை, அங்கே இருந்த இங்கிலீஷ்காரன். தூண்டில் போட்டுத்தான் பிடிக்க வேண்டுமாம். டீக்கடை, ஐஸ் கம்பெனி, கோயில் வாசல் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான் மனுஷன்.

"டன் கணக்குல அள்ளுறவன் சாண் மீனுக்குப் போய்த் தூண்டில் போடணுமாக்கும்," என்று கூட்டாளி சிவநாதன் கேலி செய்தான்.

"போட்டோ அனுப்புறேன், பாரு," என்றான் அன்பழகன். கேலி எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

குஞ்சம்மா அவன் கூடப் பிறந்த அக்கா. சிவநாதனைப் போலச் சிரித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை.

"ஒரே ஒரு தூண்டில்தான் சொல்லி வச்சிருக்கியாமே? கீர்த்திகா சொன்னா."

"ஒரு ஆளுக்குத்தான் அனுமதி கெடச்சுதுக்கா. நாங்க தங்கப்போற வீட்டுக்காரரு எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டாரு."

"அப்ப கீர்த்திகா என்னா செய்வா?"

"அவ போட்டோ எடுப்பா."

"அல்லி?"

அன்பழகனின் கை மறுபடி மீசைக்குப் போனது. பக்கத்தில் அல்லி, கடன் வாங்கி வந்த ஸ்வெட்டர்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விடுங்க அண்ணி. அவரு ஆசைப்படுறாரு," என்றாள் அவளே.

"நீ குடுக்குற எடந்தான்டி இவ்வளவுக்கும் காரணம். இங்கயும் கருக்கல்ல கரையில நின்னு படகு வருதான்னு பாக்குற. வந்ததும் கூடையத் தூக்கிக்கிட்டு மார்க்கெட்டுக்கு ஓடுற. ஒரு தடவ ஊருக்குப் போறதுலயும் ஓடைக்கரையில குளுருல நடுங்கிக்கிட்டு இவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காரணுமா? ஏன்டா, ஒனக்கே நல்லாருக்கா இது?"

அல்லிக்குச் சுருக்கென்றது. அவளும் அதையேதான் நினைத்திருந்தாள். அங்கேயும் காத்துக் கிடக்கிற வேலைதானா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் புருஷனை நாத்தனாரிடம் விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

"எங்க வீட்டுக்காரரு மலையிலயும் போய் மீன் புடிக்கப் போறாருன்னு மார்க்கெட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் அண்ணி. எனக்கு அது பெருமைதான்."

"நல்லாப் பெருமைப்பட்டே போ," என்றாள் குஞ்சம்மா. "பொண்டாட்டி மேல கொஞ்சமாச்சும் நெனப்பு இருந்தா இப்படிச் செய்வானா இவன்?"

அப்போது போன் அடித்தது. ஊட்டி வீட்டுக்காரர். படகு இன்ஜின் சத்தத்தில் பாதிக் காதைத் தொலைத்தவன் அன்பழகன். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான். அதனால் அவர் பேசியது வீடு முழுக்கக் கேட்டது.

"சார், காலையில அந்த அனுமதிச் சீட்டு வாங்கப் போறேன். உங்க பேர்லயே வாங்கிடட்டுமா?"

"இல்லீங்க. அல்லின்னு குடுங்க. என் ஒய்ஃப்."

"மேடமா? முன்ன மீன் புடிச்சுப் பழக்கம் உண்டுங்களா?"

"ஒண்ணுகூடப் புடிச்சதில்லீங்க. காலமெல்லாம் நாங்க புடிச்சாந்ததை வித்துத்தான் பழக்கம். கூட நின்னு சொல்லிக் குடுக்க ஒரு ஆளு மட்டும் ஏற்பாடு பண்ணிடுங்க. பெரிய மீனாப் புடிச்சிடுவாங்க."

போனை வைத்துவிட்டு அன்பழகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அல்லியின் மடியில் ஸ்வெட்டர் பாதி மடித்தபடி கிடந்தது.

"நானா?" என்றாள். முகம் அவளை முந்திக்கொண்டு மலர்ந்துவிட்டது.

குஞ்சம்மாவுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நேரம் அல்லிக்காக வாதாடியதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அடப்பாவி, பொம்பள போய் மீன் புடிக்கிறதா? நம்ம பக்கம் பொம்பளைங்க படகுல காலே வைக்கிறதில்ல. நானும் இத்தன வருஷம் கூடை தூக்குனவதான், ஒரு நாள் ஏறியிருப்பேனா? அந்த வழக்கம் ஒனக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும்க்கா," என்றான் அன்பழகன். "அதனாலதான் படகே தேவப்படாத ஊராத் தேடிப் புடிச்சேன்."