மிச்சத்துக்கு ஏது அளவு?

“இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?”

கேட்டவர் என் கணவரின் அக்கா. கொதிக்கிற பாத்திரத்தில் கரண்டியை விட்டு ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, முகத்தை எட்டுக் கோணலாக்கிக்கொண்டு நின்றார்.

“இன்னும் காயே வேகலக்கா. அதுக்குள்ள தீர்ப்பா?”

“வெந்தா மட்டும்? உப்பு ஒரு ஸ்பூன் குறையுது. கேரட் வேற இனிக்குது, ஏதாவது புளிப்பா விடு. நாக்கை எங்க கழட்டி வெச்சுட்டு வந்தே?”

விருந்தாளிகள் வர அரை மணி நேரம்தான். இந்த நேரத்தில் இந்தப் பேச்சு!

என் நாக்கு எங்கே போயிற்று என்று எனக்கே தெரியாது. அதுதான் என் ரகசியம்.

இரண்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. காபி வெந்நீர், ரொட்டி அட்டை. யாரிடமும் மூச்சு விடவில்லை. விடுவேனா? இந்தத் தெருவில் என் சூப்புக்கு இருபத்திரண்டு வருடப் பெயர்!

ஃப்ரிட்ஜில் என்ன மிச்சமோ அதுதான் என் சூப். இன்றைக்கு அரை முட்டைக்கோஸ், காலிஃபிளவர் தண்டு, வதங்கிப்போன கேரட் இரண்டு, ஒரு பிடி பட்டாணி. பாட்டிலின் அடியில் ஒட்டிக்கிடந்த தக்காளி சாஸைத் தண்ணீர் விட்டு அலசி ஊற்றினேன். பாக்கெட்டில் நொறுங்கிக் கிடந்த நூடுல்ஸையும் கொட்டினேன். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து அளந்து போடுவார்கள். மிச்சத்துக்கு ஏது அளவு? நாக்குதான் எல்லாம்.

அது போய்விட்டது என்று தெரிந்தால், “பாவம், முன்னெல்லாம் நல்லா செய்வா” என்பார்கள். அந்தப் ‘பாவம்’ எனக்கு வேண்டாம்.

அக்கா தன் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரி சமையலறையில் முப்பது வருடம் மேற்பார்வை பார்த்தவர். ஒவ்வொரு பாத்திரமாகக் கரண்டி விட்டுக் குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்கினார். ரிட்டயரான பிறகு அதையே இலவசமாகச் செய்கிறார்.

நானும் சளைத்தவள் இல்லை. அவர் திட்டத் திட்ட ஒன்றுக்கு இரண்டாகப் பதில் கொடுப்பேன். அந்தப் பக்கம் போனதும், உப்பு என்றால் உப்பு, மிளகு என்றால் மிளகு, சொன்னது சொன்னபடி போட்டுவிடுவேன். எதிரியையே வேலைக்கு வைத்துக்கொண்டேன் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

இன்றும் அப்படித்தான். ஒரு ஸ்பூன் உப்பு, அரை மூடி எலுமிச்சை.

விருந்துக்கு வந்த கணவரின் மேனேஜர் மூன்றாவது கிண்ணத்துக்குக் கை நீட்டினார். அவர் மனைவிக்கு வியப்புத் தாங்கவில்லை.

“மிச்சம் மீதியிலயா இப்படி? அளவு சொல்லுங்களேன், எழுதிக்கறேன்.”

“அளவெல்லாம் நமக்கு ஆகாதுங்க. எல்லாம் நாக்குதான்” என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

அந்த அம்மாள் அக்காவின் பக்கம் திரும்பினார். “ஆஸ்பத்திரி கிச்சனையே ஆட்டிவெச்சவங்க நீங்க. நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு?”

நான் அவசரமாக மேனேஜரின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அக்கா நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். “இவ கைக்கு முன்னாடி நானெல்லாம் எந்த மூலைக்கு? ஒரு குறை சொல்ல முடியாது.”

அடேயப்பா! சமையலறையில் பாத்திரம் கழுவின தண்ணி, சபையில் இந்தப் பாராட்டு. ஊருக்கு முன் நல்லவர் வேஷம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா கிளம்பினார். வாசலில் என் கணவர் டாக்ஸியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்து அடுப்பின் பக்கம் இழுத்துப் போனார்.

“இங்க பாரு. அடுப்பு பத்தவெக்கறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திற. கேஸ் கசிஞ்சா உனக்குத் தெரியாது. பாலை வெச்சுட்டு அந்தண்டை இந்தண்டை நகராதே. நாளைக்கே போய் டாக்டரைப் பாரு.”



“எப்பக்கா… எப்பத் தெரியும்?”

“வந்த அன்னிக்கே. கூடையில உருளைக்கிழங்கு அழுகி நாறுது, நீ அதைக் காலடியில வெச்சுக்கிட்டு சாவகாசமா காபி குடிச்சிட்டிருந்தே. காய்ச்சலுக்கு அப்புறம் இப்படி ஆனவங்களை நான் எத்தனை பார்த்திருக்கேன்!”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?”

“சொன்னா கரண்டியைக் கீழ வெச்சிருப்பே. திட்டினேன், சமைச்சே.”

டாக்ஸி தெரு திரும்பியது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு, மீந்த சூப்பில் தண்ணீர் விட்டு இரண்டு உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டேன். உப்பு டப்பாவைத் திறந்தேன். ஒரு ஸ்பூனா, அரையா? சூப்பைக் கரண்டியில் எடுத்து வாயில் விட்டுப் பார்த்தேன். சூடு மட்டும் தெரிந்தது.

கணவரும் இரண்டு மகள்களும் ஹாலில்தான் இருந்தார்கள். இந்த வீட்டுக்கு வந்த நாளாக நான் யாரையும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். டி.வி. சத்தத்தில் விழவில்லை போலிருக்கிறது. சமையலறை வாசலுக்கே வந்து, குரலை உயர்த்தி மறுபடி கேட்டேன்.

“எனக்கு ருசி தெரியலை. யாராவது வந்து கொஞ்சம் உப்பு பாருங்களேன்!”